கிரேப் மிர்ட்டில் வாங்கப் போகிறீர்களா? நோய் தாங்கும் ரகத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி

ஜூன் பிறந்துவிட்டால் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கிரேப் மிர்ட்டில் பூக்காத தெருவைப் பார்ப்பது அரிது. டெக்சாஸ் 1997இல் இதைத் தன் மாநிலப் புதராகவே அறிவித்துக்கொண்டது. டாலஸ், ஹூஸ்டன், அட்லாண்டா, ராலே பக்கம் குடியேறிய நம்மவர்களுக்கு இந்தப் பூவைப் பார்த்ததும் ஊர் ஞாபகம் வருவதில் வியப்பில்லை. நம் பூமருதுக்கு இது நெருங்கிய உறவு. கசக்கிப் பிரித்த பட்டுத்துணி போல அதே இதழ்கள், அதே கொத்துப் பூ. (பூமருதையே அங்கே கொண்டுபோய் வைக்கலாமா என்றால், வேண்டாம். உறைபனியை அது தாங்காது. தென் ஃப்ளோரிடாவைத் தாண்டி வடக்கே போனால் நிலைக்காது.)

வெயிலையும் வறட்சியையும் தாங்குகிற மரம், கோடை முழுக்கப் பூக்கிற மரம் என்றுதான் எல்லோரும் வாங்குகிறார்கள். இரண்டாம் வருஷம் மொட்டுகள் மாவு தூவியது போல வெளுத்து, விரியாமலே காய்ந்துபோகும். மூன்றாம் வருஷம் ஆகஸ்டிலேயே இலையெல்லாம் உதிர்ந்து குச்சியாக நிற்கும். பிறகு மருந்து வாங்கித் தெளிக்கத் தொடங்குவார்கள். அந்த மருந்துச் செலவில் பெரும்பகுதி, நர்சரியில் லேபிளைப் படிக்காமல் பூவின் நிறத்தைப் பார்த்து வாங்கியதற்கான அபராதம். கிரேப் மிர்ட்டிலில் நோயைத் தடுக்கிற வேலை மரம் வாங்கும் நாளிலேயே முக்கால்வாசி முடிந்துவிடும்.

பார்க்கவேண்டிய வரிசை இது: முதலில் இடத்துக்கு ஏற்ற உயரம், அடுத்து உங்கள் வட்டாரத்தில் எந்த நோய் அதிகம் என்பது, கடைசியாக நிறம். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

இரண்டு நோய், இரண்டு குணம்

"நோய் எதிர்ப்புள்ள ரகம்" என்று லேபிளில் பொதுவாகப் போட்டிருந்தால் நம்பிவிடக்கூடாது. அது பெரும்பாலும் சாம்பல் நோயை மட்டும்தான் குறிக்கும். கிரேப் மிர்ட்டிலை வாட்டுகிற பெரிய பூஞ்சாண நோய்கள் இரண்டு. ஒன்றைத் தாங்குகிற ரகம் இன்னொன்றையும் தாங்கும் என்று சொல்ல முடியாது. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

சாம்பல் நோய் இளந்தளிரைத்தான் பிடிக்கும். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும், பகல் மிதமான சூடாகவும் இரவு குளிர்ச்சியாகவும் இருக்கும் நாட்களில் வரும். தளிரில் வெள்ளை மாவு படியும். இலை சுருண்டு முறுக்கிக்கொள்ளும். மொட்டுக்கொத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு மொட்டும் சுண்ணாம்பில் உருட்டிய மிளகு மாதிரி இருக்கும். அந்த மொட்டு விரியாது. இந்தப் பூஞ்சாணத்துக்கு இலை நனையவேண்டிய அவசியமில்லை, காற்றில் ஈரப்பதம் இருந்தால் போதும். அதனால் மழையே இல்லாத வாரத்திலும், நிழலும் நெருக்கமும் உள்ள மூலையில் இது பரவும். கோடை வெயில் 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் தானாக அடங்கிவிடும். குளிர்காலத்தில் உறங்கும் மொட்டுகளுக்குள் ஒளிந்திருந்து, வசந்தத்தில் முதலில் அடிமரத்துக் கிளைப்புகளில் தலைகாட்டும்.

செர்கோஸ்போரா இலைப்புள்ளி நோயின் குணம் வேறு. அதற்குச் சூடும் வேண்டும், மழையும் வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் அடிக்கிளைகளின் உள்பக்கத்து முதிர்ந்த இலைகளில் தொடங்கி மேலே ஏறும். விளிம்பு தெளிவில்லாத பழுப்புப் புள்ளிகள் விழும். புள்ளியைச் சுற்றி இலை மஞ்சளாகவோ சிவப்பாகவோ மாறி, பிறகு உதிரும். மொட்டையாவது கீழிருந்து மேலாக நடப்பதால், செப்டம்பரில் மரம் குடை பிடித்தது போல உச்சியில் மட்டும் இலையோடு நிற்கும்.

இதை இலையுதிர் கால நிறம் என்று நினைத்து ரசிப்பவர்கள் இருக்கிறார்கள். வித்தியாசம் காண்பது எளிது. இயல்பான நிறமாற்றம் அக்டோபர், நவம்பரில் மரம் முழுக்க வரும், இலையில் புள்ளி இருக்காது. ஆகஸ்டில் அடிக்கிளை மட்டும் சிவந்தால் அது நோய்.

இந்த இரண்டு நோயாலும் மரம் சாவதில்லை. ஆனால் சாம்பல் நோய் பூவைக் கெடுக்கும். இலைப்புள்ளி வருஷா வருஷம் சீக்கிரமே இலையை உதிர்த்துவிடுவதால், அடுத்த பருவத்துக்கான சேமிப்பு குறைந்து மரம் தளர்ந்துபோகும்.

இனி உங்கள் ஊருக்கு வருவோம். ஹூஸ்டன், நியூ ஆர்லியன்ஸ், மொபீல், ஜாக்சன்வில் போன்ற வளைகுடாப் பகுதி, கடற்கரைப் பகுதி ஊர்களில் கோடை மழை அதிகம். அங்கே இலைப்புள்ளிக்குத் தாங்கும் ரகமா என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும். டாலஸ் பக்கம் கோடை காய்ந்து கிடக்கும், அதனால் இலைப்புள்ளியின் தொல்லை குறைவு. சாம்பல் நோயும், பின்னால் சொல்லப்போகிற செதில் பூச்சியும்தான் அங்கே கவலை. ஜார்ஜியா, கரோலினா மாநிலங்களில் இரண்டு நோயும் வரும்.

எதிர்ப்புச் சக்தி எங்கிருந்து வந்தது

பழைய தோட்டங்களில் இருப்பவை பெரும்பாலும் லேகர்ஸ்ட்ரோமியா இண்டிகா இனம். பெயரில் இந்தியா இருந்தாலும் இதன் முக்கியமான பூர்விகம் சீனா. பூ நிறங்களில் இதை மிஞ்ச ஆளில்லை, ஆனால் சாம்பல் நோய்க்கு எளிதில் இரையாகும். 1956இல் ஜான் கிரீச் என்ற தாவரவியலாளர் ஜப்பானின் யாகுஷிமா தீவிலிருந்து லேகர்ஸ்ட்ரோமியா ஃபௌரியை என்ற இன்னொரு இனத்தின் விதைகளைக் கொண்டுவந்தார். வெள்ளைப் பூ, செம்பழுப்பு நிறத்தில் உரியும் பட்டை, சாம்பல் நோயை அண்டவிடாத இலை. வாஷிங்டனில் உள்ள அமெரிக்கத் தேசிய மரப்பூங்காவில் டொனால்ட் எகோல்ஃப் இந்த இரண்டு இனங்களையும் மகரந்தக் கலப்பு செய்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கலப்பினங்களை வெளியிட்டார். 1978இல் வந்த நாட்செஸ், மஸ்கோகி இரண்டும் அவற்றில் முன்னோடிகள்.

அந்த மரப்பூங்கா தன் ரகங்களுக்கு அமெரிக்கப் பழங்குடி இனங்களின் பெயர்களையே வைத்தது. நர்சரியில் பெயரைப் பார்த்ததும் அடையாளம் காண இது உதவும்: நாட்செஸ், டஸ்கரோரா, அபலாச்சி, ஹோப்பி, ஜூனி என்று வந்தால் பெரும்பாலும் அந்தக் குடும்பம்தான். ஆனால் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கேட்டாபா, செமினோல், பொட்டோமேக் போன்ற சில, அதே பூங்காவிலிருந்து கலப்பினங்கள் வெளிவருவதற்கு முன்பு வந்த தனி இண்டிகா ரகங்கள். லேபிளில் தாவரப் பெயர் வரியைப் பாருங்கள். இண்டிகா, ஃபௌரியை என்ற இரண்டு பெயர்களுக்கும் இடையில் பெருக்கல் குறி இருந்தால் அது கலப்பினம்.

கலப்பினத்துக்கும் ஒரு குறை உண்டு. ஃபௌரியை ரத்தம் உள்ள ரகங்களைத் தெள்ளுவண்டு அதிகம் கடிக்கிறது. தொட்டால் துள்ளுகிற, உலோகப் பளபளப்புள்ள கருநீலச் சிறுவண்டு இது. தளிரில் சல்லடைக் கண் போல ஓட்டை போடும். நர்சரிக் கன்றுகளில்தான் சேதம் அதிகம் தெரியும். நட்டு வேர்பிடித்த மரம் இதைச் சமாளித்துவிடும். இதற்குப் பயந்து சாம்பல் நோய் பிடிக்கிற ரகத்துக்குப் போகத் தேவையில்லை.

உயரம் தவறினால் எதிர்ப்பும் வீண்

ஜன்னலுக்குக் கீழே, சுவரிலிருந்து மூன்றடி தள்ளி ஒரு நாட்செஸ் கன்று வைக்கிறார்கள். நாட்செஸ் 25, 30 அடிக்குப் போகிற மரம். நான்காம் வருஷம் கூரையில் இடிக்கத் தொடங்கும். உடனே பிப்ரவரியில் ரம்பத்தை எடுத்து எல்லாத் தண்டையும் மார்பளவு உயரத்தில் வெட்டிவிடுவார்கள். வெட்டிய இடத்திலிருந்து பத்துப் பதினைந்து நீண்ட, கொழுகொழுவென்ற தளிர்கள் நெருக்கமாகக் கிளம்பும். சாம்பல் நோய்க்கு வேண்டியது அந்த இளந்தளிர்தான், அசுவினிக்கும் அதுவேதான். நெருக்கத்தில் காற்றும் போகாது. பூங்கொத்தின் கனம் தாங்காமல் கிளை தொங்கும். அடியில் கிளைப்புகள் முளைக்கும். அடுத்த வருஷமும் வெட்டு. தென்மாநிலத் தோட்டக்காரர்கள் இதைக் "கொலை" என்றே சொல்கிறார்கள்.

ஆகவே கன்று வாங்குவதற்கு முன் டேப்பை எடுத்து இடத்தை அளந்துவிடுங்கள். மேலே மின்கம்பி எத்தனை அடியில் போகிறது, கூரை விளிம்பு எங்கே, ஜன்னலின் அடிச்சட்டம் தரையிலிருந்து எத்தனை அடி என்று குறித்துக்கொள்ளுங்கள். 20 அடிக்கு மேல் போகும் ரகம் என்றால் சுவரிலிருந்து 10 முதல் 12 அடி தள்ளியிருக்கவேண்டும். 10 அடி ரகத்துக்கு 5, 6 அடி இடைவெளி போதும். லேபிளில் எழுதியிருக்கும் உயரத்தோடு சில அடி கூட்டிக்கொள்வது நல்லது. அந்த அளவு பெரும்பாலும் கன்று நட்டுப் பத்து வருஷத்துக்குள் எட்டுகிற உயரம். மரம் அதற்குப் பிறகும் வளரும்.

எந்த இடத்துக்கு எந்த ரகம்

அலபாமாவின் ஆபர்ன் பல்கலைக்கழகம் ஏராளமான ரகங்களை அருகருகே நட்டு, இரண்டு நோயையும் தனித்தனியாக மதிப்பிட்டிருக்கிறது. இரண்டிலும் நன்றாக நின்றவை என்று திரும்பத் திரும்பச் சொல்லப்படும் பெயர்கள் டஸ்கரோரா, டஸ்கீகி, டான்டோ, அபலாச்சி, கேடோ, ஃபேன்டசி. மழை அதிகமான ஊரில் இருப்பவர்கள் இந்த ஆறில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் பாதிக் கவலை போய்விடும்.

சின்ன வீட்டு முன்வாசல் என்றால் எங்கள் முதல் பரிந்துரை டான்டோ. 8 முதல் 10 அடிக்குள் அடங்கும், அடர்ந்த ரோஜா சிவப்பில் பூக்கும். அதே உயரத்தில் பளிச்சென்ற இளஞ்சிவப்பு வேண்டுமென்றால் கேடோ. ஹோப்பி, ஜூனி, அக்கோமா மூன்றும் இந்த உயர வரிசையில் வருபவைதான். ஹோப்பி வெளிர் ரோஜா, ஜூனி ஊதா, அக்கோமா வளைந்து தொங்கும் கிளைகளில் வெள்ளைப் பூ. மூன்றுமே சாம்பல் நோய்க்கு நன்றாகத் தாங்கும். கோடை மழை குறைந்த இடத்தில் இவற்றைத் தயங்காமல் வாங்கலாம்.

12 முதல் 20 அடி வரை இடமிருந்தால் தேர்வு செய்யவே கஷ்டப்படும் அளவுக்கு நல்ல ரகங்கள் இருக்கின்றன. அபலாச்சி நேராக, அடர்த்தியாக வளரும். வெளிர் ஊதாப் பூவில் லேசான மணமும் உண்டு. வேலியோரத்தில் மறைப்பாக வைக்க இதைவிடப் பொருத்தமானது குறைவு. டஸ்கீகியின் கிளைகள் பக்கவாட்டில் பரவும். அதனால் ஒற்றை மரமாக, நாலு பக்கமும் இடம் விட்டு வைத்தால்தான் அதன் அழகு தெரியும். பூ அடர் ரோஜா, ஏறக்குறைய சிவப்பு. டஸ்கரோரா பவளச் சிவப்பு கலந்த ரோஜா. பூச்சாடி வடிவில் மேலே விரிந்து நடைபாதைக்கு நிழல் தரும். சூ என்ற ரகமும் இந்த வகைதான், அடர் ரோஜாப் பூ, இலையுதிர் காலத்தில் நல்ல நிறம். உச்சரிப்பு "சூ" என்றாலும் லேபிளில் எஸ், ஐ, ஓ, யூ, எக்ஸ் என்ற ஐந்து எழுத்துகள் இருக்கும், அதைத் தேடுங்கள்.

20 அடிக்கு மேல் போகும் மரங்களில் நாட்செஸின் பெயர்தான் எல்லோர் வாயிலும் இருக்கும். வெள்ளைப் பூ, பட்டை உரிந்த பின் தெரியும் இலவங்கப்பட்டை நிறத் தண்டு, சாம்பல் நோய்க்குத் தரமான எதிர்ப்பு. ஆனால் இலைப்புள்ளியில் இது நடுத்தரம்தான் என்பதைச் சொல்லியாகவேண்டும். மழைக்காலம் நீண்டால் அடியிலைகளை இழக்கும். பெரிய வெள்ளைப் பூ மரமே வேண்டும், ஊரோ ஈரமான ஊர் என்றால் வட கரோலினாவிலிருந்து வந்த ஃபேன்டசியைத் தேடிப் பாருங்கள். அது கலப்பினம் அல்ல, ஃபௌரியையிலிருந்து நேராகத் தேர்ந்தெடுத்தது. 40 அடி வரைகூடப் போகும், மற்றவற்றுக்கு முன்பே பூத்து முடித்துவிடும். சின்ன மனைக்கு இது சரிப்படாது. மஸ்கோகி வெளிர் ஊதா, நீண்ட நாள் பூக்கும், பின்முற்றத்து நிழலுக்கு ஏற்றது.

தொட்டிக்கும் ஜன்னலடிப் பாத்திக்கும் சிக்கசா, போக்கமோக் என்ற இரண்டு குள்ள ரகங்கள் உண்டு. இரண்டடி, மூன்றடிக்குள் மெத்தை போலப் படரும், பூ ரோஜா நிறம். இரண்டையுமே அதே தேசிய மரப்பூங்கா சாம்பல் நோய் எதிர்ப்புக்காகவும் சேர்த்துத்தான் தேர்ந்தெடுத்தது. குள்ளச் செடி தரையை ஒட்டி இருப்பதால் காற்றோட்டம் குறைவு. ஆகவே எதிர்ப்பு இல்லாத குள்ள ரகத்தை வாங்கவே கூடாது.

சிவப்பு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானம் தேவை. அசல் சிவப்பு நிறம் இண்டிகாவின் சொத்து. கலப்பினங்களில் நெடுங்காலம் அது ரோஜாவோடு நின்றுவிட்டது. அதனால் சிவப்பு கேட்டுப் போகிறவர்கள் கையில் கரோலினா பியூட்டி போன்ற பழைய ரகம் வந்து சேர்கிறது. சாம்பல் நோய்க்கு உதாரணம் காட்ட எடுப்பதே அந்த ரகத்தைத்தான். அதைத் தவிர்த்துவிடுங்கள். தேசிய மரப்பூங்கா பிற்பாடு வெளியிட்ட அராபஹோ (சுமார் 20 அடி), ஷையான் (சுமார் 8 அடி) இரண்டும் நல்ல சிவப்பு, சாம்பல் நோய்க்கும் தாங்கும். கடைகளில் அதிகம் கிடைக்கும் டைனமைட், ரெட் ராக்கெட் ஆகியவை ஓக்லஹோமாவில் கார்ல் விட்கம் உருவாக்கியவை. கண்ணைப் பறிக்கும் சிவப்பு. நாள் முழுக்க வெயில் படும் திறந்த இடமாக இருந்தால் மட்டும் இவற்றை எடுங்கள். கரும் இலையோடு வரும் புதிய வகைகளுக்கும் இதே யோசனைதான். இலை நிறம் மயக்கும், ஆனால் உங்கள் ஊரில் அது இரண்டு மழைக்காலம் கடந்து எப்படி நிற்கிறது என்று பார்த்த பிறகு வாங்குவது உத்தமம்.

ஒரே மரத்துக்கு இரண்டு பெயர் இருப்பதும் குழப்பம் தரும். டைனமைட் என்பது விற்பனைப் பெயர், பதிவுப் பெயர் விட் 2. கடைக்காரர் சொல்லும் பெயரும் பல்கலைக்கழக வேளாண் விரிவாக்கத் துறைப் பட்டியலில் இருக்கும் பெயரும் பொருந்தவில்லை என்றால் இதுதான் காரணமாக இருக்கும். லேபிளில் ஒற்றை மேற்கோள் குறிக்குள் இருப்பதுதான் ரகத்தின் உண்மையான பெயர். அதை வைத்துத் தேடுங்கள். "கிரேப் மிர்ட்டில், சிவப்பு" என்று மட்டும் எழுதியிருக்கும் பெயரில்லாக் கன்று எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

வாங்கும் முன் தெருவைப் பாருங்கள்

உங்கள் வட்டாரத்தில் எந்த ரகம் தாங்குகிறது என்பதை அறிய, செப்டம்பர் முதல் வாரத்தில் பக்கத்துத் தெருக்களில் ஒரு நடை போய்வாருங்கள். பூவைப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு மரத்திலும் கீழ் மூன்றில் ஒரு பங்கை மட்டும் பாருங்கள். அங்கே பச்சை இலை நிறைந்திருந்தால் அந்த வீட்டுக்காரரிடம் ரகத்தின் பெயரைக் கேளுங்கள். டாலஸ் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி: மெக்கின்னி நகரில் கிரேப் மிர்ட்டிலுக்கென்றே ஒரு பூங்கா இருக்கிறது. எத்தனையோ ரகங்களை வளர்ந்த நிலையில் ஒரே இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நர்சரியில் கன்றைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் அடியில் முளைத்த சின்னக் கிளைப்புகளைப் பாருங்கள். சாம்பல் நோய் இருந்தால் மாவு அங்கேதான் முதலில் தெரியும். பிறகு இலையைத் திருப்பிப் பாருங்கள். வெளிர்மஞ்சளில் கரும்புள்ளியோடு ஊர்வது அசுவினி. கிரேப் மிர்ட்டிலைத் தவிர வேறு செடிகளில் அது அனேகமாகக் குடியிருப்பதில்லை. அது கழிக்கும் தேன்பிசினில்தான் இலைமேல் கரும்படலம் வளர்கிறது. அடுத்து கிளை பிரியும் கவட்டைகளைக் கூர்ந்து பாருங்கள். பஞ்சு அப்பியது போல வெள்ளையாக, அரிசி நொய் அளவில் ஏதாவது ஒட்டியிருந்தால் நகத்தால் நசுக்குங்கள். ரோஜா நிறச் சாறு கசிந்தால் அது பட்டைச் செதில் பூச்சி. அந்தக் கன்றை மட்டுமல்ல, அதனோடு நெருக்கி வைத்திருக்கும் எந்தக் கன்றையும் எடுக்காதீர்கள்.

கடைசியாகத் தொட்டியிலிருந்து மெல்ல உருவிப் பாருங்கள். வேர் வெள்ளையாக, மண்ணைப் பிடித்துக்கொண்டு இருக்கவேண்டும். கயிறு சுற்றியது போலத் தொட்டி வடிவிலேயே வளையமிட்டிருந்தால் அது நெடுநாள் கிடந்த கன்று. 5 அல்லது 7 கேலன் தொட்டிக் கன்று போதுமானது. 15 கேலன் வாங்கினால் முதல் வருஷம் பெரிதாகத் தெரியும், ஆனால் சின்னக் கன்று சீக்கிரம் வேர்பிடித்து எட்டிப்பிடித்துவிடும்.

நடுவதும் பராமரிப்பதும்

எதிர்ப்பு என்றால் நோயே வராது என்று பொருளல்ல. வந்தாலும் மரம் அசராது, அவ்வளவுதான். நிழலில் வைத்தால் நல்ல ரகமும் வெளுக்கும். நேர்வெயில் குறைந்தது 6 மணி நேரம் வேண்டும், 8 மணி நேரம் கிடைத்தால் நல்லது. அதிலும் காலை வெயில் படும் இடமானால் பனி சீக்கிரம் காய்ந்து இலைப்புள்ளி குறையும். மண் லேசான அமிலத்தன்மையோடு, பி.எச். 5 முதல் 6.5க்குள் இருந்தால் உத்தமம்.

நீர் தேங்கும் இடமா என்று முதலில் பார்த்துவிடுங்கள். ஓரடி ஆழக் குழி தோண்டித் தண்ணீரை நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்புங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால் இடத்தை மாற்றுங்கள். நடும் குழி வேர்ப்பந்தைவிட இரண்டு மூன்று மடங்கு அகலம், ஆழம் மட்டும் வேர்ப்பந்தின் உயரமே. ஆழமாக நட்டால் அடித்தண்டு மூச்சுமுட்டும். சுற்றியிருக்கும் வேர்களைக் கத்தியால் மூன்று நான்கு இடத்தில் செங்குத்தாகக் கீறிவிடுங்கள். தோண்டிய மண்ணையே திருப்பிப் போட்டு, 2 முதல் 3 அங்குலத்துக்கு மூடாக்குப் போடுங்கள். மூடாக்கு தண்டைத் தொடக்கூடாது. இலை உதிர்ந்த பிறகு, நவம்பருக்கு மேல் நடுவது தெற்கில் நன்றாக வரும். கோடையில் பூவோடு வாங்கி நட்டால் தண்ணீர் விடும் வேலை இரட்டிப்பு.

முதல் வருஷம் வாரத்துக்கு ஓர் அங்குல அளவுக்குத் தண்ணீர், சொட்டுக்குழாயிலோ வேரடியில் மெதுவாகவோ. புல்வெளிக்குப் போட்ட தெளிப்பான் இலைமேல் பீய்ச்சுகிறதா என்று ஒரு நாள் காலையில் எழுந்து நின்று பாருங்கள். இலைப்புள்ளி வித்துகள் தெறித்துப் பரவ அதுவே வழி. புல்லுக்குப் போடும் தழைச்சத்து உரமும் எதிரிதான். தளிர் கொழுத்து வளரும், பூ குறையும், சாம்பல் நோயும் அசுவினியும் கூடும். களைக்கொல்லி கலந்த புல் உரத்தை மரத்தின் வேர்ப்பரப்பில் போடவே கூடாது.

கவாத்து பிப்ரவரி கடைசியில். பூ புதுத்தளிரில்தான் வரும் என்பதால் அப்போது வெட்டினால் பூ குறையாது. காய்ந்த குச்சி, ஒன்றோடொன்று உரசும் கிளை, உள்நோக்கி வளர்வது, அடிக்கிளைப்பு ஆகியவற்றை மட்டும் எடுங்கள். மூன்று முதல் ஐந்து தண்டு போதும். கட்டைவிரலைவிடத் தடித்த கிளையை வெட்டுகிறீர்கள் என்றால் எதற்கு என்று ஒருமுறை யோசித்துவிட்டு வெட்டுங்கள்.

சாம்பல் நோய் கொஞ்சம் வந்தால் பாதித்த நுனியைக் கிள்ளி எடுத்துக் குப்பையில் போட்டாலே பெரும்பாலும் போதும். தெளித்துத்தான் ஆகவேண்டும் என்றால் வேப்பெண்ணெய் அல்லது கந்தகம். இரண்டையும் இரண்டு வார இடைவெளிக்குள் அடுத்தடுத்துத் தெளித்தால் இலை கருகும். வெயில் 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் நாட்களில் கந்தகமே வேண்டாம். அசுவினிக்குத் தண்ணீர்க் குழாயை இலையடியில் வேகமாகப் பீய்ச்சினால் உதிர்ந்துவிடும். இலைப்புள்ளிக்கு மைக்ளோபியூட்டனில் போன்ற மருந்துகள் உண்டு. ஆனால் நோய் தெரிவதற்கு முன்பே தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தெளிக்கவேண்டும். 20 அடி மரத்தில் அது நடைமுறைக்கு ஒத்துவராது. உதிர்ந்த இலையைக் கூட்டி அப்புறப்படுத்துங்கள்.

எந்த ரகமும் தப்பாத ஒன்று

பட்டைச் செதில் பூச்சி அமெரிக்காவில் முதன்முதலில் 2004இல் டாலஸை ஒட்டிய ரிச்சர்ட்சன் நகரில் தென்பட்டது. இப்போது தென்மாநிலங்கள் பலவற்றுக்குப் பரவிவிட்டது. மேலே சொன்ன நல்ல ரகங்களிலும் இது வரும். எந்தக் கடைக்காரராவது "இந்த ரகத்துக்கு வராது" என்றால் நம்பாதீர்கள். தண்டும் கிளையும் கரி பூசியது போலக் கறுத்திருந்தால் கவட்டையில் வெள்ளைப் பஞ்சு இருக்கிறதா என்று பாருங்கள். குளிர்காலத்தில், இலையில்லாதபோது, மென்மையான பிரஷ்ஷும் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீரும் கொண்டு தண்டைத் தேய்த்துக் கழுவினால் முட்டையும் பூச்சியும் கணிசமாகக் குறையும், கறுப்பும் போகும். பிறகு உறக்கக்காலத் தோட்ட எண்ணெயை லேபிள் அளவில் தெளிக்கலாம்.

வேரில் ஊற்றும் இமிடாகுளோப்ரிட் என்ற பூச்சிமருந்து இதற்கு நன்றாக வேலை செய்யும். ஆனால் அது பூவுக்கும் மகரந்தத்துக்கும் போகும், தேனீக்கள் இந்த மரத்தைத் தேடி வருபவை. வேறு வழியே இல்லாத நிலையில் மட்டும் அதை யோசியுங்கள். கறுப்பு முதுகில் இரண்டு சிவப்புப் பொட்டு வைத்த பொறிவண்டு மரத்தில் ஊர்ந்தால் மருந்தை எடுத்து வைத்துவிடுங்கள். அதுவும் அதன் முள்முள்ளான புழுக்களும் செதில் பூச்சியைத்தான் தின்கின்றன. புழுவின் தோற்றத்தைப் பார்த்துப் பயந்து அதையே கொன்றுவிடுகிறவர்கள் உண்டு.

ஏற்கெனவே இருக்கும் நோயாளி மரம்

வீட்டோடு சேர்ந்து வந்த பழைய மரம் வருஷந்தோறும் வெளுக்கிறதென்றால் முதலில் ஒரு வருஷம் அதற்கு வாய்ப்புக் கொடுங்கள். மேலே கவியும் ஓக் கிளையை விலக்கி வெயில் விடுங்கள், உரத்தை நிறுத்துங்கள், அடிக்கிளைப்பை வசந்தத்திலேயே அகற்றுங்கள், உச்சியை வெட்டாதீர்கள். அப்படியும் மொட்டு விரியாமல் போனால் மாற்றிவிடலாம். மாற்றும்போது தரைமட்டத்தில் அறுத்துவிட்டு பக்கத்திலேயே புதுக்கன்று வைப்பதுதான் பலரும் செய்யும் பிழை. இந்த மரம் வேரிலிருந்து துளிர்க்கும். கிரேப் மிர்ட்டில் பெரும்பாலும் குச்சி நட்டு வளர்த்த சொந்த வேர் மரம் என்பதால், துளிர்ப்பதும் அதே நோய் ரகமாகத்தான் இருக்கும். புதுக்கன்றுக்கு அடியிலேயே சாம்பல் பூத்த தளிர்கள் எட்டிப்பார்க்கும். அடிக்கட்டையைத் தடித்த வேர்களோடு தோண்டி எடுங்கள். புதுக்கன்றைப் பழைய குழியிலிருந்து 5, 6 அடி தள்ளி வையுங்கள். அடுத்த இரண்டு வருஷம் பழைய இடத்தில் துளிர் தெரியும்போதெல்லாம், கத்தரியால் வெட்டாமல் மண்ணுக்குள் விரலைவிட்டு வேரோடு சேர்ந்த இடத்திலிருந்து பிய்த்தெடுங்கள். வெட்டினால் ஒன்று நான்காகும்.